ஜெக்கில் ஒன்றும் அப்பாவி அல்லர்

“மருந்து குடித்ததும் டாக்டர் ஜெக்கில் முழு நல்லவர், முழுக் கெட்டவர் என இரண்டாகப் பிரிந்துவிட்டார், ஹைட் செய்ததெல்லாம் பாவம் அவருக்குத் தெரியவே தெரியாது” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஜெக்கில் தான் தயாரித்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற இன்னொரு மனிதனாக மாறும் கதைதான், 1886இல் வெளிவந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ குறுநாவல். அது சொல்வது இதற்கு நேர்மாறு.

கடைசி அத்தியாயத்தில் உள்ள ஜெக்கிலின் வாக்குமூலத்தைப் படியுங்கள். ஹைட் மட்டும்தான் கலப்பற்ற தீமை; ஜெக்கில் நல்லதும் கெட்டதும் கலந்த அதே பழைய மனிதர். நினைவும் இருவருக்கும் பொதுவானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெயர் கெடாமல் ஆசைகளைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்ததே என்றுதான் அவர் ஹைட்டை வளர்க்கிறார்.

ஏற்பாடுகளைப் பாருங்கள். லண்டனின் சோஹோ பகுதியில் ஹைட்டுக்காக ஒரு வீடு, எதையும் வெளியே சொல்லாத ஒரு வேலைக்காரி, சொத்தெல்லாம் அவனுக்கே என்று ஓர் உயில். ஒரு சிறுமியை ஹைட் மிதித்துச் சென்றதற்கு நஷ்டஈடு தர, ஜெக்கிலின் கையெழுத்திட்ட காசோலை வெளியே போகிறது. சிக்கல் புரிந்ததும் வேறொரு வங்கியில் ஹைட் பெயரில் கணக்குத் தொடங்கி, தன் கையெழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்துப் போட்டு அவனுக்கொரு கையெழுத்தை உருவாக்குகிறார். ஒன்றும் அறியாதவர் செய்கிற காரியமா இது?

கேர்யூ என்ற முதியவரை ஹைட் கொன்ற பிறகு ஜெக்கில் வருந்துவது உண்மைதான். ஆனால் லண்டனின் ரீஜன்ட்ஸ் பூங்காவில், ‘மற்றவர்களைவிட நான் பரவாயில்லை’ என்று தற்பெருமையோடு நினைத்த அந்தக் கணத்தில்தான், மருந்தே இல்லாமல் ஹைட்டாக மாறுகிறார்.