டாம் பிரேடி டிராஃப்டில் தேர்வானவர்தான்

அமெரிக்க ஃபுட்பால் வீரர் டாம் பிரேடியை 2000 டிராஃப்டில் (என்எஃப்எல் லீக் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்வு) எந்த அணியும் எடுக்கவில்லை, பிறகு தனி ஒப்பந்தத்தில் பேட்ரியட்ஸ் அணியில் சேர்ந்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. ஆறாவது சுற்றில், 199-ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரைத் தேர்வு செய்தது. அந்த ஆண்டு 7 சுற்றுகள், மொத்தம் 254 தேர்வுகள். அவரைப் போலவே குவார்ட்டர்பேக்குகளாக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்கள்) ஆடிய ஆறு பேர் அவருக்கு முன்பே தேர்வாகிப் போயிருந்தார்கள். முதலில் போனவர் 18-ஆவது இடத்தில் ஜெட்ஸ் அணி எடுத்த சாட் பென்னிங்டன்.

இது சின்ன வித்தியாசம் இல்லை. டிராஃப்டில் எடுக்கப்பட்டவரோடு பேசும் உரிமை எடுத்த அணிக்கு மட்டுமே. எடுக்கப்படாதவர் எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம். இன்னொரு குவார்ட்டர்பேக்கான கர்ட் வார்னர்தான் அப்படி வந்தவர்: 1994-இல் யாரும் எடுக்கவில்லை, பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமில் சேர்த்துவிட்டு நீக்கியது, அரீனா ஃபுட்பால் (உள்ளரங்கில் ஆடும் வகை) ஆடிவிட்டு ராம்ஸ் அணிக்கு வந்தார். இரண்டு கதைகளும் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

சரிபார்க்க, ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் பிரேடியின் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள டிராஃப்ட் வரியைப் பாருங்கள். சுற்றும் எண்ணும் இருக்கும். வார்னர் பக்கத்தில் அந்த வரியே இருக்காது. 2000 டிராஃப்ட் பட்டியலில் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எண்ணினால் பிரேடி ஏழாவதாக வருவார்.