‘வாட்டர்’, ‘ஊற்று’, துரோகியாகிய நான்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். ஆங்கில ‘வாட்டர்’ நம்முடைய ‘ஊற்று’தான் என்று முழங்கிய அன்பர், ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் முதலியவற்றுக்குத் தாய் என்று கணிக்கப்படும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் சொற்களுக்கு முன்னால் இடப்படும் நட்சத்திரக் குறியை (*) காட்டி, “இதெல்லாம் வெள்ளைக்காரன் உட்கார்ந்த இடத்தில் கட்டிய கற்பனை” என்றபோது எழுந்த கைதட்டலில் என் கேள்வி அமுங்கிப்போனது. அதை இங்கே கேட்கிறேன்.

இன்றைய துருக்கிப் பகுதியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹிட்டைட் மொழியில் ‘நீர்’ என்பதற்குச் சொல் ‘வாதர்’. ‘நீரின்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘விதேனஸ்’. ரகரம் இருந்த இடத்தில் னகரம் வந்து நிற்கிறது. ‘ஊற்று’ இதை எப்படி விளக்கும்?

இது ஹிட்டைட்டின் தனிக்கோளாறு அன்று. ஆங்கில வாட்டரும் கிரேக்க ஹூதோரும் ரகரத்தை வைத்துக்கொண்டன. பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கின் வாதோவும் (‘நீரின்’ என்பதற்கு வாதின்ஸ்) சமஸ்கிருத உதனும் னகரத்தை வைத்துக்கொண்டன. நெருப்புக்கும் அதே கதைதான்: ஹிட்டைட்டில் பாஹ்ஹுர், வேற்றுமையில் பஹ்ஹுவேனஸ், ஆங்கிலத்தில் ஃபயர், கோத்திக்கில் ஃபோன். கல்லீரலுக்குச் சமஸ்கிருதத்தில் யக்ருத், ‘கல்லீரலின்’ என்றால் யக்னஸ். இத்தனை மொழிகளில், இத்தனை சொற்களில், ஒரே எழுத்துமாற்றம் தற்செயலாக நிகழாது. ஆகவேதான் எழுவாயில் ரகரமும் பிற வேற்றுமைகளில் னகரமும் கொண்ட *வோத்ர் என்ற பெயர்ச்சொல்லை மீட்டெடுத்தார்கள். (தகரத்தைப் ‘பந்து’ என்பதில் வருவதுபோல் மெலித்து வாசியுங்கள். அந்த மெல்லொலிதான் ஆங்கிலத்தில் வல்லொலியாகி ‘வாட்டர்’ ஆயிற்று. சமஸ்கிருத ‘தச’வின் தகரத்துக்கு நேராக ஆங்கில ‘டென்’னில் டகரம் நிற்பதும் அதே விதிப்படிதான்.)

நட்சத்திரக் குறிக்குப் பொருள், ‘இவ்வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைக்கவில்லை, கணித்துச் சொல்கிறோம்’ என்ற ஒப்புதல். கற்பனை செய்கிறவன் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. ஞாயிறன்று மேடையில் யாராவது எதற்காவது குறி போட்டார்களா? தமிழ் நீரையும் தெலுங்கு நீருவையும் ஒப்பிட்டு மூலத் திராவிடத்துக்கு *நீர் என்று எழுதும்போதும் இதே குறிதான் போடுகிறோம். அப்போது மட்டும் அது அறிவியல் ஆகிவிடுகிறது.

“1915இல் ஹிட்டைட்டைப் படித்தறிந்து சொன்ன செக் அறிஞர் ஹ்ரோஸ்னியும் ஒலி ஒற்றுமையை வைத்துத்தானே தொடங்கினார்?” என்று ஒருவர் கேட்பார். தொடங்கினார், உண்மை. ‘ரொட்டி’ என்ற சுமேரியக் குறிக்குப் பக்கத்தில் ‘எத்ஸத்தேனி’ (உண்பதைக் குறிக்கும் ஜெர்மன் ‘எஸ்ஸன்’ போல ஒலிப்பது) என்றும், அடுத்து ‘வாதர்’ என்றும் கண்டு, ‘ரொட்டி உண்பீர்கள், நீர் பருகுவீர்கள்’ என்று ஊகித்தார். ஆனால் அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. வினைவிகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். “இந்த நீர்ச்சொல்லுக்கு உறவான, ‘அலை’ என்று பொருள்படும் லத்தீன் ‘உந்தா’வின் நடுவில் நகரம் எப்படி வந்தது?” என்று இன்னொருவர் கேட்கலாம். அதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டைதான். இருக்கட்டுமே, தீராத கணக்கு ஒன்று இருப்பதால் வாய்ப்பாடு பொய்யாகிவிடுமா?

நானும் ஒரு காலத்தில் இதே ‘ஊற்று’க் கட்டுரையை எழுதியவன்தான். பத்தொன்பது வயதில் கல்லூரி விழாவில் வாசித்துப் பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டும் வாங்கினேன். மறுநாள் தமிழாசிரியர் வராந்தாவில் நிறுத்தி, “தம்பி, பாடு பாட்டு, எழுது எழுத்து; அப்படியானால் ஊற்று எதிலிருந்து வந்தது?” என்றார். “ஊறு, ஐயா” என்றேன். “அந்த ‘ற்று’ நம் இலக்கணம் போட்ட ‘ற்று’. அதற்கும் வெள்ளைக்காரனின் டகரத்துக்கும் என்ன உறவு?” என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்று எனக்குக் காது சிவந்தது. ஆனால் அவரைத் துரோகி என்று நான் சொல்லவில்லை.

என்னைச் சொன்னார்கள். ‘வடமொழி அடிவருடி’, ‘விலைபோனவன்’. ஊறு ஊற்றான விதியைத் தமிழிலிருந்தே எடுத்துச் சொல்கிறவன் தமிழுக்குத் துரோகி, அந்த விதியைக் காற்றில் விட்டு ஆங்கிலச் சொல்லுக்கு உறவு தேடுகிறவர் காவலர். நல்ல கணக்கு! ஆங்கிலத்துக்கு அப்பனாக இருந்தால்தான் தமிழுக்குப் பெருமை என்று நினைப்பதைவிடத் தமிழைத் தாழ்த்தும் நினைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்று நாள்கள் ஆகின்றன. ‘விதேனஸ்’ பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. என் சாதி என்ன என்று மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்.