மன்னிப்பை 2008-இல் தொடங்கினால் கணக்கு உதைக்கும்

ஜார்ஜிய ஆளும் கட்சியின் நிறுவனர் பிட்சினா இவானிஷ்விலி, 2024 செப்டம்பரில் கோரி என்ற நகரில் பேசும்போது, 2008 போருக்காக ஒசேத்தியர்களிடம் (ரஷ்ய எல்லையை ஒட்டிய தெற்கு ஒசேத்தியப் பகுதியின் மக்கள்) மன்னிப்புக் கேட்போம் என்றார். ரஷ்யா படையெடுத்து வந்ததற்கு நாம் மன்னிப்புக் கேட்பதா என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 2008-க்கு மட்டும் கேட்டால், அன்று அதிபராக இருந்த சாகாஷ்விலி ஒருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு மற்ற எல்லோரும் தப்பிவிடலாம். கேட்க வேண்டிய நாள் 1990 டிசம்பர் 11.

அன்றுதான் ஜார்ஜிய நாடாளுமன்றம், 1922 முதல் இருந்துவந்த தெற்கு ஒசேத்தியத் தன்னாட்சி மாவட்டத்தையே ரத்து செய்தது. அது திடீரென வந்ததல்ல. 1989 நவம்பரில் மாவட்ட மன்றம் தன்னாட்சிக் குடியரசுத் தகுதி கேட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி ஜார்ஜிய தேசியவாதத் தலைவர் கம்சாகுர்தியா ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகரான த்ஸ்கின்வாலிக்குப் புறப்பட்டார். 1990 ஆகஸ்டில் வட்டாரக் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி சட்டம் வந்தது. வாக்குப்பெட்டி வழி அடைபட்டதும் செப்டம்பர் 20-இல் ஒசேத்தியர்கள் தனிக் குடியரசு அறிவித்தார்கள். டிசம்பர் 9-இல் தாங்களே தேர்தல் நடத்தினார்கள். இரண்டே நாளில் ரத்து, ஜனவரியில் போர்.

இதில் யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. 1989 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவில் இருந்த ஒசேத்தியர் ஏறக்குறைய 1,64,000 பேர். மாவட்டத்துக்குள் வாழ்ந்தவர்கள் 65,000 பேர்தான். மீதி லட்சம் பேர் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியிலும் கோரியிலும் மற்ற ஊர்களிலும் அண்டை வீட்டுக்காரர்களாக, சம்பந்திகளாக இருந்தவர்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மிரட்டலுக்குப் பயந்து வீட்டை விட்டு வடக்கே, ரஷ்யாவில் உள்ள வடக்கு ஒசேத்தியாவுக்கு ஓடினார்கள். சொத்தைத் திருப்பித்தர 2006 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் ஆணையமோ செயல்படவே இல்லை. மன்னிப்புக்கு மதிப்பு வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலிருந்து தொடங்கட்டும்.

மறுபக்கக் கணக்கும் உண்டு, அதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். த்ஸ்கின்வாலிக்கு வடக்கே ஜாவா என்ற ஊருக்குப் போகும் பிரதான சாலையில் தமராஷேனி, அச்சபேத்தி, குர்தா, கெக்வி என்று வரிசையாக ஜார்ஜியக் கிராமங்கள். ரஷ்யாவுக்குள் போகும் ரோக்கி மலைச் சுரங்கத்துக்கு அந்த வழிதான். ஜார்ஜியர் வழிமறித்தபோது ஒசேத்தியர் ஸார் மலைப்பாதையில் சுற்றிப் போனார்கள்; 1992 மே மாதம் அங்கே அகதிகள் வாகனங்கள் சுடப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008-இல் த்ஸ்கின்வாலி மீது ஜார்ஜியா பீரங்கித் தாக்குதல் தொடங்கியதையும், பிறகு ஜார்ஜியக் கிராமங்களில் இனச்சுத்திகரிப்பு நடந்ததையும் ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த தாலியாவினி விசாரணைக் குழு 2009-இல் ஒரே அறிக்கையில் பதிவு செய்தது. ஒசேத்தியத் தரப்பினர் அந்தச் சாலையோர ஊர்களை எரித்ததோடு விடாமல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பி வர வீடே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இதற்கு த்ஸ்கின்வாலியிலிருந்து இன்றுவரை ஒரு மன்னிப்பு வார்த்தை வரவில்லை.

இரண்டு போர்களுக்கு நடுவே இரு மக்களையும் சேர்த்து வைத்திருந்தது த்ஸ்கின்வாலிக்குப் பக்கத்தில் இருந்த எர்க்னேத்தி சந்தை. ரோக்கி வழியாகச் சுங்கம் கட்டாமல் மாவும் பெட்ரோலும் சிகரெட்டும் வரும். ஜார்ஜியர் பழமும் காய்கறியும் கொண்டுவருவார்கள். கடத்தல்தான், மறுக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் சுங்கச்சாவடி வைத்தால் அதை எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று திபிலிசி தயங்கியது. 2004-இல் ஒரேயடியாக மூடினார்கள். பிழைப்பு போன ஒசேத்தியர்களுக்கு மாஸ்கோ தவிர வேறு வாசல் மிஞ்சவில்லை. அந்த ஆகஸ்டிலேயே துப்பாக்கிகள் வெடித்தன.

சுங்கச் சிக்கலுக்கு விடை இல்லாமலும் இல்லை. ரஷ்யா உலக வர்த்தக அமைப்பில் சேர ஜார்ஜியாவின் சம்மதம் தேவைப்பட்டபோது, சுவிட்சர்லாந்து நடுவில் நின்று 2011 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் முடித்தது. அதில் எல்லை என்ற பேச்சே கிடையாது. வணிகப் பாதைகளைப் புவி ஆயத்தொலைவுகளால் குறித்தார்கள். சரக்கைக் கண்காணிப்பது இரு நாட்டையும் சாராத தனியார் நிறுவனம். ஒரு பாதை ரோக்கி வழியாகவே போகிறது. ஒப்பந்தப்படி அதில் இன்னும் ஒரு லாரிகூட ஓடவில்லை. பிரிவுக்கோட்டில் போட்ட முள்வேலி, பாசன நீர், கோட்டைத் தாண்டிப் பிடிபட்டவர்கள் பற்றிப் பேச இரு தரப்பும் கூடுவது அதே எர்க்னேத்தியில்தான். அடுத்த கூட்டத்தில் அந்த ஒப்பந்தத்தை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.