எட்டுப் பக்கங்களைப் புரட்டாமல் எழுதப்படும் வரலாறு

கணினி வரையும் காட்சிக்குள் நாமே நிற்பதுபோல் உணரவைக்கும் மெய்நிகர் உண்மை எனப்படும் விஆரின் வரலாற்றைச் சொல்ல வருபவர்களில் பலர், கூரையிலிருந்து தொங்கிய ஒரு கருவியில் தொடங்கி, அதற்கு 'டாமக்கிளிசின் வாள்' (பழங்கதையில் ஒருவன் தலைக்கு மேல் ஒற்றை மயிரிழையில் தொங்கிய வாள்) என்று பெயர் சொல்லி, அடுத்த பத்தியிலேயே இன்றைய ஹெட்செட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஆய்வை வழிநடத்திய ஐவன் சதர்லேண்ட் தாமே எழுதிய கட்டுரை, 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஃபால் ஜாயின்ட் கம்ப்யூட்டர் மாநாட்டின் தொகுப்பில், 757 முதல் 764 வரை எட்டே பக்கங்களில் கிடக்கிறது. அதைப் படிக்காமலே வரலாறு எழுதப்படுகிறது என்பதுதான் என் குறை.

மாநாட்டு மலர் என்றதும் நமக்கு வாழ்த்துரைகளும் புகைப்படங்களும் நினைவுக்கு வரும். இது அந்த வகையன்று. தம் கருவி எங்கே பிசகுகிறது என்பதைச் செய்தவரே எழுதிவைத்த ஆவணம். தலையில் அணிந்த கண்ணாடியில் தெரியும் படம், தலை திரும்பும்போது அதற்கேற்ப மாற வேண்டும். அதற்காகத் தலையின் அசைவை அளக்க அவர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. கூரையிலிருந்து தொங்கியது அவற்றுள் ஒன்று மட்டுமே; அது கனமானது, அணிவதற்கு வசதியற்றது என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. மற்றொன்றில் தலையில் மூன்று மீயொலி உமிழிகளும் கூரையில் நான்கு வாங்கிகளும் இருந்தன. காதுக்கு எட்டாத அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். தலை அவ்வளவு தூரம் நகர்ந்ததும் அளவீடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், எத்தனை அலைகள் கடந்தன என்று கணினி விடாமல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒருமுறை தவறினால் தலை இருக்கும் இடமும் தவறிவிடும். கண்ணாடியை அணிந்தவர் பார்த்த காட்சிகளுள் ஒன்று, வெறும் கோடுகளால் ஆன ஓர் அறை: நான்கு சுவர்களில் திசைகளின் முதலெழுத்துகள், கூரைக்கும் தரைக்கும் ஆளுக்கோர் எழுத்து. வாள் கதையைவிட இந்த அறைதான் எனக்கு நெருக்கமானது.

டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸைப் பொதுமக்கள் முன் இயக்கிக்காட்டியதும் அதே மாநாட்டில்தான். அவருடைய கட்டுரையும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. அந்தச் செயல்விளக்கத்தின் படச்சுருள் எஞ்சியதால் அது என்ன நடந்ததோ அப்படியே நினைவுகூரப்படுகிறது. சதர்லேண்டின் கருவிக்கு வாய்த்ததோ ஒரு பட்டப்பெயர்.

கால் நூற்றாண்டு கழித்து, 1994-இல் ஆர்லாண்டோவில் நடந்த சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டுத் தொகுப்பைத் திறந்தால், ரொனால்ட் அசுமா, கேரி பிஷப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே தலையசைவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இம்முறையும் உதவிக்கு வந்தது கூரைதான். அதில் வரிசையாகப் பதித்த அகச்சிவப்பு விளக்குகளைத் தலைக்கவசத்தின் உணரிகள் நிமிர்ந்து பார்த்தன. அதோடு அசைவை உணரும் கருவிகளையும் சேர்த்து, தலை அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்தபோது, கணிப்பே இல்லாத நிலையைவிடத் துல்லியம் சராசரியாக 5 முதல் 10 மடங்கு கூடியது என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, இந்தத் துறை ஒரே தாவலில் வந்ததன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் அமைப்பு 1951 முதல் 2000 வரையிலான தன் கட்டுரைகளை 2022-இல் இலவசமாகத் திறந்துவிட்டதால், இவற்றைப் படிக்கக் கல்லூரி நூலகத்தின் தயவு இனித் தேவையில்லை. ஆனால் 1993 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த, மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇயின் முதல் மெய்நிகர் உண்மைக் கருத்தரங்கின் தொகுப்புக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை.