டெகீலா வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் வேலை பார்த்த மூன்று வருடமும், லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்தாலே வாட்ஸ்அப்பில் வந்து விழும் முதல் செய்தி: "மச்சான், ஒரு டெகீலா. கோல்டு கலர்ல இருக்கிறதா பாத்து வாங்கு." அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். லேபிளைப் படியுங்கள். '100% அகாவே' என்று இருக்கிறதா? அகாவே என்பது டெகீலா என்கிற மதுவை வடிக்கும், கற்றாழை மாதிரியான செடி. வெறும் 'டெகீலா' என்று இருந்தால், நொதிக்க வைத்த சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தால் போதும் என்கிறது மெக்சிகோ சட்டம். மீதி பெரும்பாலும் கரும்புச் சர்க்கரை. 'கோல்டு' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த ரகம்தான், நிறம் கேரமல் தந்தது. பீப்பாயில் முதிர்ந்த டெகீலாவில்கூட கேரமல், கிளிசரின், ஓக் சாறு, சர்க்கரைப் பாகு எல்லாம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. 'தொண்டையில வழுக்கிட்டு இறங்குது' என்று புகழ்கிறோமே, அது பல நேரம் கிளிசரின் செய்கிற வேலை.

அதனால் முதன்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பிளாங்கோ, அதாவது பீப்பாயில் முதிர வைக்காத வெள்ளை ரகம். செடியின் ருசி அதில்தான் நேராகத் தெரியும். ரெபொசாடோ என்றால் மரப்பீப்பாயில் குறைந்தது 2 மாதம், அன்யேஹோ 1 வருடம், எக்ஸ்ட்ரா அன்யேஹோ 3 வருடம். பீப்பாய்க் கணக்கைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். அதற்கு முன்னால் டெகீலாவுக்கான அந்த நீல அகாவே ஹலிஸ்கோ மாநிலத்து மண்ணில் ஆறேழு வருடம் நின்றிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கணக்கு.

பலரும் நினைப்பதுபோல இது கள்ளி இல்லை. நம் ஊரில் ரயில் பாதை ஓரமும் தோட்ட வேலியிலும் நிற்கிற ஆனைக்கற்றாழை இருக்கிறதே, அதுவே ஒரு அகாவேதான். அங்கே ஹிமதோர் என்கிற அறுவடைக்காரர் நீளக் கழியில் வட்டத் தகடு பொருத்திய 'கோவா'வால் மடல்களைச் சீவித் தள்ளுவார். நடுவில் மிஞ்சுகிற, அன்னாசி போன்ற குண்டு அடித்தண்டை வேகவைத்து, சாறு பிழிந்து, நொதிக்க வைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள்.

அகாவேயிலிருந்தே வடிக்கிற இன்னொரு மதுவான மெஸ்கால் வேறு உலகம். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் மத்தாத்லான் ஊர்ப் பக்கம் ஒரு வடிசாலைக்குப் போயிருந்தேன். தரையில் கூம்புக் குழி, உள்ளே பழுக்கக் காய்ந்த கற்கள், அதன்மேல் அகாவே, மேலே மண்மூட்டம். நாள்கணக்கில் உள்ளேயே வேகும். மெஸ்காலின் புகை வாசம் அங்கிருந்து வருவது. வடித்ததை அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஒரு நாணல் குழாயில் உறிஞ்சி, சுரைக்குடுவையில் பீய்ச்சினார். விளிம்பைச் சுற்றி முத்து முத்தாகக் குமிழிகள் நின்றன. அவை எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கின்றன என்பதை வைத்தே வீரியத்தைச் சொல்லிவிடுகிறார். நான் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

மெஸ்கால் வாங்கினால் லேபிளில் 'ஆர்த்தெசனால்' அல்லது 'அன்செஸ்த்ரால்' என்று இருக்கட்டும், இரண்டும் பழைய கைமுறையில் வடித்ததைக் குறிக்கும் சொற்கள். எந்த அகாவே, எந்த ஊர், யார் வடித்தது என்று லேபிள் சொல்ல வேண்டும். எஸ்பதீன் என்பது தோட்டத்தில் பயிரிடும் அகாவே ரகம், அதில் தொடங்குங்கள். தெபெஸ்தாத்தே போன்ற காட்டு ரகம் முதிர இருபத்தைந்து வருடம்கூட ஆகும். ஒரு பிள்ளை பிறந்து படித்து வேலைக்குப் போகிற காலம். அதைச் சோடாவில் கலக்கிக் குடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு கவலையும் உண்டு. அகாவே வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்தால் சர்க்கரை அதில் போய்விடும் என்று பூத்தண்டை முன்பே வெட்டிவிடுகிறார்கள். இரவில் அந்தப் பூவுக்கு வரும் வௌவால்களுக்குத் தேன் இல்லை, செடிக்கும் விதை இல்லை. பக்கக்கன்றை நட்டே வளர்ப்பதால் தோட்டம் முழுக்க ஒரே மரபணு. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். சில தோட்டங்களில் கொஞ்சம் செடிகளை வௌவாலுக்காகப் பூக்க விடுகிறார்கள். அப்படிப்பட்ட பாட்டில் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே வாங்குவேன்.

வாங்கியதை உப்பு, எலுமிச்சையோடு ஒரே மடக்கில் விழுங்காதீர்கள். முதலில் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, நெடி போகும் வரை பொறுத்து முகர்ந்து பாருங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி, வெந்த அகாவேயின் வாசம் கையில் நிற்க வேண்டும். வெறும் வெனிலா எசன்ஸ் வாசம்தான் வருகிறது என்றால் அடுத்த முறை அந்த பிராண்டை விட்டுவிடுங்கள்.