இந்திரா காந்தி: 1970-உம் 1975-உம்

இந்திரா காந்தியின் சாதனைகளை நான் மதிக்கிறேன். ஆனால் "இரும்புக்கரம் இருந்ததால்தான் அதெல்லாம் முடிந்தது, நெருக்கடி நிலையைப் பெரிதுபடுத்தாதீர்கள்" என்று யாராவது சொன்னால் மனசு ஒப்பவில்லை. நடந்தது நேர்மாறு.

1969 ஜூலையில் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். 1970 பிப்ரவரி 10 அன்று அந்தச் சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. வங்கிகள் அரசிடமே இருந்தன. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்திலும் இதே கதைதான். மசோதா மாநிலங்களவையில் தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணையால் ஒழிக்கப் பார்த்தார், அதையும் அந்த டிசம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, மக்களிடமே கேட்கிறேன் என்று தேர்தலுக்குப் போனார். 352 இடங்களோடு திரும்பி வந்து, 1971-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி மானியத்தை ஒழித்தார். நீதிபதிகள் தடுத்தார்கள், எதிர்க்கட்சிகள் கத்தின, பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. எந்த வேலை நின்றுபோனது?

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கை வைத்தது அவருடைய சொந்தத் தொகுதி வெற்றியில். அப்போதுதான், 25-ஆம் தேதி இரவு, நெருக்கடி நிலை வந்தது. ஏழைகளுக்கான திட்டம் எதையும் காப்பாற்ற வந்ததல்ல அது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் காலத்தில்தானே வந்தது என்பார்கள். உண்மை, நல்ல சட்டம். ஆனால் 1976-இல், சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஆட்கொணர்வு வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசு வழக்கறிஞரைக் கேட்டார்: ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம்? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. விடுதலையான கொத்தடிமைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டே தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது.

நம் பக்கம் பார்த்தால், 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. விசாரணையில்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் சென்னைச் சிறைக்குப் போன திமுக எம்.பி. சிட்டிபாபு, அங்கே வாங்கிய அடியின் பாதிப்பிலேயே இறந்துபோனார்.

1977-இல் தேர்தலை அறிவித்ததும் இந்திராதான், ரேபரேலியில் தானே தோற்றபின் மறுபேச்சில்லாமல் பதவி விலகியதும் அவர்தான். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். நெருக்கடி நிலையும் அத்தோடு போனது. ஆனால் அந்தக் காலத்தில் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால், மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போன கல்வி இன்றுவரை மாநிலத்துக்குத் திரும்பவில்லை.