படத்தைத் தொட்டால் எடை தெரியாது

அக்கா, 9 உருவப் படங்களில் நம்மைப் போன்றதைத் தொட்டால் உடல் பருமன் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI எண்) தெரிந்துவிடும், தராசே வேண்டாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 1983-இல் ஸ்டங்கார்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட படவரிசை அது. இப்போது எப்படி இருப்பதாக நினைக்கிறோம், எப்படி இருக்க ஆசை என்று இரண்டு படங்களைக் காட்டச் சொல்வார்கள். இடையிலுள்ள வித்தியாசம் நம் அதிருப்தியின் அளவு, எடையின் அளவல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் இதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

சரிபார்ப்பது சுலபம். முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் எடை, உயரம் பாருங்கள். கிலோவை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும்: 64 கிலோ, 1.6 மீட்டர் என்றால் குறியீடு 25. ஒரே குறியீடு உள்ள இருவர் வேறு வேறு படங்களைத் தொடக்கூடும், வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.